லேட் நைட் எழுத்தாளர் வேலையா, சொந்த மேடையா?

அமெரிக்க கிளப்களில் ஐந்தாறு வருடம் மைக் பிடித்துப் பழகிய ஸ்டாண்ட்-அப் கலைஞர்களில் பலர் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள்: ஊர் ஊராகப் போய்ச் சொந்தச் சரக்கை, அதாவது தானே எழுதிய ஜோக்குகளை, வைத்தே பிழைப்பதா, தொலைக்காட்சியில் இரவில் வரும் நகைச்சுவைப் பேச்சு நிகழ்ச்சியான லேட் நைட் ஷோவில் சேர்ந்து தொகுப்பாளருக்கு எழுதிக்கொடுப்பதா?

ஒரே செய்தியை இருவரிடமும் கொடுத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் நியூயார்க் சுரங்க ரயில் கட்டணம் 2.75 டாலரிலிருந்து 2.90 டாலராக ஏறியது. மோனோலாக், அதாவது ஷோவின் தொடக்கத்தில் தொகுப்பாளர் சொல்லும் செய்தி ஜோக்குகளை, எழுதுபவர் அதை ஒரே வாக்கியத்தில் செய்தியாகச் சொல்லிவிட்டு, “அந்த 15 சென்டுக்கு, ரயில் ஏன் நின்றது என்ற அறிவிப்பு இனி காதில் விழும்” என்று முடிப்பார். இரண்டே வரி, பத்து விநாடி. சிரிப்பு எந்தச் சொல்லில் வெடிக்கிறதோ அதற்குப் பின்னால் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. மேடைக்காரர் கட்டணத்தை அங்கேயே விட்டுவிடுவார். கரகரக்கும் அறிவிப்பை நடித்துக் காட்டுவார், வேலைக்குத் தாமதமாகிப் பதறுவார், ஒவ்வொரு சிரிப்பின் மேலும் இன்னொரு வரி ஏற்றி இரண்டு நிமிடம் ஓட்டுவார். அவர் முகமும் குரலும் சுமப்பதில் பாதியைக் காகிதம் சுமக்காது. மேடையில் கொடிகட்டிப் பறப்பவர்கள் ஷோவுக்கு அனுப்பும் மாதிரித் தொகுப்பில் தோற்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

அந்தத் தொகுப்பை ‘பேக்கட்’ என்பார்கள். பெரும்பாலும் பத்து முதல் இருபது மோனோலாக் ஜோக்குகள், தொகுப்பாளர் மேசையில் உட்கார்ந்து நிகழ்த்தும் பகுதிக்கு இரண்டு மூன்று யோசனைகள். ஜோக்குகள் அந்த வாரச் செய்தியில் பிறந்திருக்க வேண்டும். செட்-அப்பில், அதாவது சிரிப்பு வரிக்கு முன் செய்தியைச் சொல்லும் வரியில், ஒரே ஒரு தகவல்தான் இருக்கலாம். இரண்டாவது நுழைந்தால் பார்வையாளர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். தலைப்பைப் படித்ததும் தோன்றும் முதல் ஜோக்கைத் தூக்கிப் போடுங்கள், அதே ஜோக் காலை பத்து மணிக்குள் சமூக ஊடகம் முழுக்க இருக்கும். பிறகு ஒவ்வொரு வரியையும் அந்தத் தொகுப்பாளரின் குரலில் வாய்விட்டுப் படியுங்கள். அவர் வாயில் உட்காராத வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே செல்லாது.

வேலையில் சேர்ந்த பின் வரும் கஷ்டம் வேறு மாதிரி. காலை ஒன்பதரை வாக்கில் செய்திகள் கைக்கு வரும். மதியத்துக்குள் ஷோவைப் பொறுத்து ஆளுக்கு முப்பது, ஐம்பது ஜோக்குகள். தலைமை எழுத்தாளர் வடிகட்டுவார், தொகுப்பாளர் பொறுக்குவார், ஒத்திகையில் இன்னும் சில உதிரும். மாலை ஐந்து வாக்கில் படப்பிடிப்பு. நமது இரண்டு ஜோக்குகள் தப்பிப் பிழைத்தால் நல்ல நாள். தப்பாதவை மறுநாளே பழசு. தப்பியவையோ ஷோவின் சொத்து, வார இறுதியில் நமது மேடையில் எடுத்துவிட முடியாது. மேடை ஜோக்குக்கு ஆயுள் அதிகம்: நூறு இரவு சொல்லிச் செதுக்கலாம், வருடக்கணக்கில் சோறு போடும். ‘டுநைட் ஷோ’ சம்பளத்தைத் தொடாமல் மேடை வருமானத்திலேயே வாழ்ந்ததாக அந்த லேட் நைட் ஷோவின் முன்னாள் தொகுப்பாளர் ஜே லெனோ பலமுறை சொல்லியிருக்கிறார்.

பணப் பாதுகாப்பில் மட்டும் எழுத்தாளர் வேலை தெளிவாக முன்னால் நிற்கிறது. எழுத்தாளர் சங்க ஒப்பந்தம் உள்ள ஷோ என்றால் குறைந்தபட்ச ஊதியம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் உண்டு. கிளப் மேடையில் இவை எதுவும் கிடையாது. ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரச் சுழற்சி, ஒவ்வொரு சுழற்சியிலும் வெளியே அனுப்பப்படலாம். 2023 மே 2 முதல் 148 நாள் நடந்த எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தத்தில் லேட் நைட் ஷோக்கள்தான் உடனே நின்றுபோயின. மேடை சங்க எல்லைக்குள் வராததால், சொந்தமாக ஒரு மணி நேரச் சரக்கு வைத்திருந்த எழுத்தாளர்கள் அதை நம்பி ஊர் ஊராகப் போக முடிந்தது. இப்போது எழுத்தாளர் இருக்கைகளே குறைகின்றன: தொகுப்பாளர் ஜேம்ஸ் கார்டன் 2023-இல் விலகினார், ஸ்டீபன் கோல்பேரின் ஷோவை 2026 மே மாதத்தோடு முடிப்பதாக சிபிஎஸ் தொலைக்காட்சி 2025 ஜூலையில் அறிவித்தது.

லேட் நைட் ஷோவுக்கு விருந்தினராகப் போய் ஐந்து நிமிடம் நிகழ்த்துவது ஒரு காலத்தில் மூன்றாவது வழி. லெனோவுக்கு முன் ‘டுநைட் ஷோ’வைத் தொகுத்த ஜானி கார்சன் பக்கத்து சோஃபாவுக்கு அழைத்தால் வாழ்க்கையே மாறும். இன்று அது விளம்பரக் காணொளி என்ற அளவில்தான் உதவும்.

நாற்பத்தைந்து நிமிடச் சொந்தச் சரக்கு கையில் இல்லாதவர் எழுத்தாளர் அறைக்குள் போகக் கூடாது என்பதே எங்கள் கருத்து. தொகுப்பாளரின் குரலிலேயே தினமும் யோசித்தால், இன்னும் உருவாகாத சொந்தக் குரல் கரைந்துபோகும். சரக்கு இருப்பவருக்கு நியூயார்க் ஷோ நல்லது: படப்பிடிப்பு முடிந்ததும் காமெடி செல்லர் போன்ற கிளப்பில் இரவே மேடையேறலாம். எழுத்தாளர்களைத் திரையில் தோன்றவிடும் ஷோ இன்னும் நல்லது. லேட் நைட் தொகுப்பாளர் சேத் மேயர்ஸிடம் 2014-இல் எழுத்தாளராகச் சேர்ந்த ஆம்பர் ரஃபினை மக்கள் அறிந்தது அப்படித்தான். கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஒளிபரப்பாகாத ஜோக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா, வேறு சேனலில் நிகழ்த்தத் தடையுண்டா, இடைவேளை வாரங்கள் எப்போது என்று முன்கூட்டியே சொல்வார்களா. மூன்றாவதற்குப் பதில் கிடைத்தால்தான் வெளியூர் கிளப்களில் தேதி வாங்க முடியும்.