மலை ஆய்வாளர்களின் இணையக் குழுமம்: மாஸ்டடானா, புளூஸ்கையா?

நீலகிரியில் ஆய்வு செய்பவர்களை ஒரு துறைக்குள் அடக்க முடியாது. முத்தோரை மலைச்சரிவில் 1970 முதல் இயங்கிவரும் ரேடியோ தொலைநோக்கியில் பணியாற்றுபவர்கள், சோலைக்காட்டையும் அதைச் சூழ்ந்த புல்வெளியையும் ஆராய்பவர்கள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோரின் மொழிகளைப் பதிவு செய்பவர்கள், தேயிலைத் தோட்டங்களின் பழைய ஆவணங்களைப் படிப்பவர்கள், பறவைக் கணக்கெடுப்புக்கு வரும் கல்லூரி மாணவர்கள் என்று ஒரே மாவட்டத்தில் பலர் இருக்கிறார்கள். ஆனால் குன்னூரில் இருப்பவருக்குக் கூடலூரில் இருப்பவர் செய்யும் வேலை பெரும்பாலும் தெரிவதில்லை. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியதும், அடுத்த ஆண்டு ஆய்வாளர்களுக்கு அது வழங்கிவந்த இலவசத் தரவு அணுகல் நின்றுபோனதும், ஒரு நிறுவனத்தின் விருப்பத்தை நம்பி அறிவுக் குழுமத்தைக் கட்டக் கூடாது என்பதை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு உணர்த்தின. அதன் பிறகு, ஒரே நிறுவனத்தின் கையில் அடங்காத, பரவலாக்கப்பட்ட சமூக ஊடகங்களில் இரண்டு முன்னுக்கு வந்தன. ஒன்று மாஸ்டடான், மற்றொன்று புளூஸ்கை. இரண்டும் தம்மைப் பரவலாக்கப்பட்டவை என்றே சொல்லிக்கொண்டாலும், எதைப் பரவலாக்குகின்றன என்பதில் அவை பெரிதும் வேறுபடுகின்றன. நம் மலைக்கு எது பொருந்தும் என்பது அந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது.

மாஸ்டடான் 2016இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதைத் தம் வழங்கியில் (சர்வரில்) நிறுவலாம். அப்படி நிறுவப்பட்ட ஆயிரக்கணக்கான வழங்கிகள், 2018இல் இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் ஏற்றுக்கொண்ட ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையின் வழியாகத் தமக்குள் பேசிக்கொள்கின்றன. இங்கே குழுமம் என்பது வழங்கியே. அதற்கென ஒரு பெயர், விதிகள், பதிவுகளைக் கண்காணித்து நெறிப்படுத்தும் மட்டுறுத்துநர்கள், உறுப்பினர்களின் பதிவுகள் மட்டும் ஓடும் ஓர் உள்ளூர்க் காலக்கோடு ஆகியவை உண்டு. புளூஸ்கை 2019இல் ட்விட்டருக்குள் ஒரு திட்டமாகத் தொடங்கித் தனி நிறுவனமாகப் பிரிந்து, 2024 பிப்ரவரியில் அழைப்பின்றி எவரும் சேரும்படி திறக்கப்பட்டது. அதன் ஏடி நெறிமுறையில் பயனரின் அடையாளம், அவருடைய பதிவுகள் இருக்கும் கிடங்கு, அவற்றைத் திரட்டும் பகுதி, காட்டும் பகுதி எல்லாம் தனித்தனி. குழுமத்துக்கென ஓர் இடம் அங்கே கிடையாது. ஒரு துறையின் பதிவுகளைப் பிரித்தெடுத்துக் காட்டும் ஓடையை யாரேனும் உருவாக்கினால், அந்த ஓடையே குழுமமாகக் கருதப்படுகிறது.

புதிதாக வருபவருக்குப் புளூஸ்கை எளிது என்பதில் ஐயமில்லை. எந்த வழங்கியில் சேர்வது என்று அவர் தொடக்கத்திலேயே திகைக்க வேண்டியதில்லை. ஐம்பது ஆய்வாளர்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து இணைப்பாக அனுப்பினால், அதைத் திறக்கும் மாணவர் அனைவரையும் ஒரே தட்டலில் பின்தொடரலாம். சொந்த இணையப் பெயர் வைத்திருக்கும் கல்லூரியோ ஆய்வு மையமோ தன் உறுப்பினர்களுக்கு அந்தப் பெயரையே கணக்குப் பெயராக வழங்க முடியும் என்பதால், எழுதுபவர் உண்மையில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்தானா என்பது கூடுதல் சான்று ஏதுமின்றித் தெரிந்துவிடும். மாஸ்டடானில் நிலைமை வேறு. ஒரு சிறிய வழங்கிக்கு, அதன் உறுப்பினர்கள் யாரைப் பின்தொடர்கிறார்களோ அவர்களுடைய பதிவுகளே பெரும்பாலும் வந்து சேரும். பத்துப் பேருடன் தொடங்கும் வழங்கியில் குறிஞ்சியைப் பற்றித் தேடினால், உலகில் எவ்வளவு எழுதப்பட்டிருந்தாலும் பெரும்பகுதி கண்ணில் படாது. இந்த வெறுமையைக் கண்டு முதல் மாதத்திலேயே பலர் விலகிவிடுகிறார்கள். முழுச் சொல் தேடலும் 2023இல் வந்த 4.2 பதிப்பில்தான் முறையாகச் சேர்ந்தது, அதுவும் இசைவு தந்தவர்களின் பதிவுகளுக்கு மட்டுமே.

எழுத்து அளவில் மாஸ்டடான் இயல்பாக 500 எழுத்துகளையும் புளூஸ்கை 300 எழுத்துகளையும் அனுமதிக்கின்றன. இரண்டுமே உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே எண்ணுவதால் தமிழில் எழுதுபவருக்கு இழப்பில்லை. மாஸ்டடானில் வழங்கியை நடத்துபவர் இந்த அளவைக் கூட்டிக்கொள்ளவும் முடியும். கணிதவியலாளர்கள் நடத்தும் மேத்ஸ்டடான், சூத்திரங்கள் அப்படியே தெரியும்படி மென்பொருளை மாற்றியமைத்திருப்பது இத்தகைய உரிமையால்தான். தோடர் மொழியின் ஒலிகளைக் குறியிட்டு எழுத நீண்ட பதிவு தேவைப்படும் ஒருவருக்கு இது சிறிய வசதியல்ல.

என் பார்வையில் தீர்மானிக்கும் காரணி இவற்றில் எதுவும் இல்லை. நீலகிரியில் செய்யப்படும் ஆய்வில் கணிசமான பகுதி, உடனே ஊரறியச் சொல்லக் கூடாதது. அரிய ஆர்க்கிட் பூத்திருக்கும் சோலையின் பெயரை எழுதினால் அடுத்த வாரம் அது பிடுங்கப்பட்டிருக்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்கள் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இருப்பிடத்தைத் தாமே மறைத்துக் காட்டுகின்றன. சமூக ஊடகத்தில் அத்தகைய காப்பு கிடையாது. குறும்பர் மூப்பர் ஒருவர் நம்பிக்கையோடு சொன்ன மருந்துச் செடியின் பயனை, அவருடைய சமூகத்தின் இசைவு பெறும் முன்பே வெளியிடுவது ஆய்வு நெறிக்கே எதிரானது. 5,520 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் மூன்று மாநிலங்களில் பரந்திருக்கிறது. அதன் மூலைமுடுக்குகளில் தனித்தனியே வேலை செய்பவர்கள் முதலில் தமக்குள் பேசிச் சரிபார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

புளூஸ்கை இதற்கு இடம் தருவதில்லை. அதன் பதிவுகள் எல்லாம் வெளிப்படையானவை. யார் எதை விரும்பினார், யாரைத் தடுத்தார் என்பதும்கூடப் பொதுத் தரவே. மாஸ்டடானில் பின்தொடர்வோருக்கு மட்டும், குறிப்பிடப்பட்டவருக்கு மட்டும் என்ற அளவுகள் உண்டு. அதைவிட முக்கியமாக, மாஸ்டடானிலிருந்து கிளைத்த ஹோம்டவுன், கிளிட்ச்-சாக் ஆகிய வடிவங்களில், வழங்கிக்கு வெளியே செல்லாத பதிவுகளை எழுதலாம். உதகை, கோத்தகிரி, குன்னூர், கூடலூர் ஆய்வாளர்கள் பொதுவாக ஒரு வழங்கியை நடத்தினால், காலையில் உலகத்தோடு பேசும் அதே கணக்கிலிருந்து மாலையில் தமக்குள் மட்டும் தமிழிலோ படக மொழியிலோ பேசிக்கொள்ள முடியும். இந்த ஒரு வசதிக்காகவே நான் மாஸ்டடான் வழியை முன்வைக்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: மாஸ்டடானின் தனிச்செய்திகள் முனைக்கு முனை மறைகுறியாக்கப்படுவதில்லை, வழங்கியின் நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும். ஆகவே கள ஆயத்தொலைவுகளும் சாட்சியங்களும் அங்கேயும் எழுதத் தக்கவை அல்ல. அவற்றுக்கு, 2014இல் தொடங்கிய மேட்ரிக்ஸ் நெறிமுறையில் அமைந்த, மறைகுறியாக்கம் இயக்கப்பட்ட மூடிய அரட்டை அறைகளே ஏற்றவை.

சொந்த வழங்கி என்றதும் செலவைப் பற்றிய கேள்வி வரும், அது நியாயமானதும்கூட. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் நிற்கும் மலையில் கணினியை வைக்க வேண்டியதில்லை. சென்னையிலோ மும்பையிலோ உள்ள தரவு மையத்தில் இடம் வாடகைக்குக் கிடைக்கும். பணத்தைவிடக் கடினமானவை இடைவிடாத பராமரிப்பும் மட்டுறுத்தலும். பிற வழங்கிகளிலிருந்து வந்து சேரும் படங்கள் வட்டை நிரப்பிவிடும், அவற்றை அவ்வப்போது நீக்க வேண்டும்; காப்புப்படி எடுக்க வேண்டும்; பாதுகாப்புத் திருத்தங்களை அன்றன்றே நிறுவ வேண்டும்; இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் வெளியிட வேண்டும். ஆர்வமுள்ள ஒரே ஆய்வு மாணவரின் தோளில் இவை அனைத்தையும் ஏற்றினால், அவர் பட்டம் பெற்று மலையிறங்கும் நாளில் குழுமமும் கலைந்துவிடும். பெரிய நிறுவனம் நடத்தினாலும் நிலைத்துவிடும் என்பதில்லை. மொசில்லா தன் மாஸ்டடான் வழங்கியை 2024 டிசம்பரில் மூடிவிட்டது. மாறாக, நெதர்லாந்தில் பல்கலைக்கழகங்களின் கூட்டுறவு அமைப்பான சர்ஃப், உயர்கல்வி நிறுவனங்களுக்கென 2023இல் பொது வழங்கியைத் தொடங்கியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் மொழி, வரலாறு போன்ற மானுடப் புலங்களின் ஆய்வாளர்களுக்கான வழங்கியும் இவ்வாறு நிறுவனத் துணையோடு நடப்பதே. நம் மலையில் குறைந்தது மூன்று நிறுவனங்கள் எழுத்து மூலம் பொறுப்பேற்றால் மட்டுமே இந்த வழியில் இறங்க வேண்டும் என்பேன். அது கைகூடாதவரை, புளூஸ்கையில் ஓர் ஓடையை அமைத்து, வெளியிடத் தக்கதை மட்டும் எழுதிவருவது நேர்மையான மாற்று.

விலகிச் செல்லும் உரிமையைப் பொறுத்தவரை புளூஸ்கையின் வடிவமைப்பே மேலானது. மாஸ்டடானில் வேறு வழங்கிக்கு மாறினால் பின்தொடர்வோர் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வருவதில்லை. ஏடி நெறிமுறையில் பதிவுகளையும் அடையாளத்தையும் எடுத்துச் செல்லலாம். ஆயினும் அங்கே பயனர்களில் மிகப் பெரும்பாலோர் புளூஸ்கை நிறுவனத்தின் கிடங்குகளிலேயே இருக்கிறார்கள், திரட்டும் வேலையும் அதன் கருவிகளையே சார்ந்திருக்கிறது. முழு வலையமைப்பையும் திரட்டிச் சேமித்துக் காட்டும் செலவை ஒரு மலைக் கல்லூரி ஏற்க முடியாது. மாஸ்டடான் வழங்கியின் செலவை ஏற்க முடியும். வடிவமைப்பில் இருக்கும் சுதந்திரம் நம் கைக்கு எட்டுமா என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

எந்தத் தளமும் ஆவணக் காப்பகம் ஆகாது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எடுக்கப்பட்ட படங்கள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுவதற்கு, அவை ஓரிடத்தில் முறையாகப் பேணப்பட்டதே காரணம். நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, 2030இல் மீண்டும் பூக்க வேண்டும். இந்த இடைவெளியில் எந்த வழங்கி எஞ்சியிருக்கும் என்று யாராலும் உறுதி கூற இயலாது. எனவே ஒரு பருவத்தின் விவாதம் முடிந்ததும், அதில் தேறிய தரவையும் குறிப்புகளையும் ஸெனோடோ போன்ற ஆய்வுக் காப்பகத்தில், மாறாத முகவரியான நிலைக்குறியீட்டோடு (டிஓஐ) சேர்த்துவிட்டு, அந்த இணைப்பைக் குழுமத்தில் பகிர வேண்டும்.

வழங்கி அமைந்த பிறகும் புளூஸ்கையைக் கைவிட வேண்டியதில்லை. பிரிட்ஜி ஃபெட் என்னும் பாலத்தை ஒருவர் தம் கணக்கிலிருந்து பின்தொடர்ந்தால், அவருடைய பொதுப் பதிவுகள் அங்கும் தோன்றும். அங்கிருந்து வரும் மறுமொழிகளில், பாலத்தை ஏற்றுக்கொண்டவர்களுடையவை இங்கு வந்து சேரும். இதை வழங்கி முழுமைக்கும் ஒரே முடிவாக எடுக்காமல், உறுப்பினர் ஒவ்வொருவரின் விருப்பத்துக்கு விடுவதே முறை. பழங்குடிச் சமூகங்களிலிருந்து வரும் இளம் ஆய்வாளர்களிடம், தம் எழுத்து எதுவரை செல்லலாம் என்று கணக்கு தொடங்கும்போதே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் அவர்கள் மனம் மாறினால், அந்த மாற்றமும் அன்றே நடைமுறைக்கு வர வேண்டும்.