யோகா செட் வாங்குமுன்: பிளாக், பெல்ட், போல்ஸ்டர், ஜமக்காளம்

இணையக் கடைகளில் ‘யோகா செட்’ என்று வருவதில் பெரும்பாலும் கை ஊன்றவும் உடம்பைத் தாங்கவும் வைக்கும் இரண்டு நுரைப் பிளாக்குகளும் (கட்டைகள்) ஒரு பெல்ட்டும் இருக்கும். நிறம் பார்த்து வாங்கிவிடுகிறோம். பார்க்க வேண்டியது கெட்டித்தன்மை. உடம்பின் எடை இறங்கும்போது அமுங்காமல், ஆடாமல், வழுக்காமல் நிற்க வேண்டும். புனேயில் யோகா ஆசான் பி.கே.எஸ். அய்யங்கார் இந்தத் துணைப்பொருட்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது கையாண்டவை மரக்கட்டை, கயிறு, மடக்கு நாற்காலி போன்றவை. மெத்தென்று இருப்பது அங்கே ஒரு தகுதியே இல்லை.

பிளாக்கின் வழக்கமான அளவு 9 x 6 x 4 அங்குலம். 3 அங்குலக் கனத்திலும் கிடைக்கிறது. சின்னக் கைக்குப் பிடிக்க வசதிதான், ஆனால் நிமிர்த்தி வைத்தால் கூடுதலாக ஆடும். நின்றபடி பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் கை தரைக்கு எட்டாதவர்கள் 9 அங்குல உயரத்தில்தான் ஊன்றுவார்கள். மலிவான ஈ.வி.ஏ. (ஒருவகை பிளாஸ்டிக்) நுரை அங்கேதான் காலை வாருகிறது. மேல்முனை ஒரு பக்கமாக அமுங்கும், பிளாக் சாயும், அதோடு மணிக்கட்டும் மடங்கும். வந்ததும் நிமிர்த்தி வைத்து, ஒரு கையை ஊன்றி எடையைக் கொடுத்துப் பாருங்கள். விரல் தடம் பதிந்து அப்படியே நின்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கார்க் பிளாக்குக்கு ஏறக்குறைய இரு மடங்கு விலை, கனமும் அதிகம். வியர்த்த கையிலும் பிடி நழுவாது. கீழே போட்டால் மூலை உதிரும், அது ஒன்றுதான் குறை. நின்று செய்யும் ஆசனங்களுக்கு நாங்கள் கார்க்கைத்தான் சொல்வோம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேது பந்தாசனத்தில் முதுகுக்கடியில் வைக்கக் கெட்டியான நுரையே போதும். ஆனால் வைக்கும் இடம் முக்கியம்: வால் எலும்புக்குச் சற்று மேலே இருக்கிற தட்டையான எலும்பின் அடியில் வர வேண்டும். பலர் அதற்கும் மேலே, இடுப்பு வளைவில் வைத்துவிட்டு, அப்புறம் இடுப்பு வலிக்கிறது என்பார்கள்.

பெல்ட்டில் 6 அடியை விட்டுவிட்டு 8 அடி எடுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை விரித்து, உள்ளங்கால்களைச் சேர்க்கும் சுப்த பத்த கோணாசனத்தில் இடுப்பின் பின்பக்கம் சுற்றி, தொடைகளின் உட்புறம் வழியாகக் கொண்டுவந்து, பாதங்களையும் சேர்த்துக் கட்ட 6 அடி பலருக்கு எட்டாது. ஒன்றரை அங்குல அகலப் பருத்தி நாடா, இரண்டு இரும்பு வளையம் உள்ளதாகப் பாருங்கள். நைலான் நாடா இழுவையில் மெல்ல மெல்ல நழுவும். நுனியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தின் மீது திருப்பி, கீழ் வளையத்துக்குள் மட்டும் நுழைத்து இழுத்தால் இறுகும். படுத்துக்கொண்டு காலைத் தூக்கிப் பிடிக்க மட்டும்தான் என்றால் பெல்ட்டே வேண்டாம், நீளமான துண்டு போதும்.

போல்ஸ்டரை, அதாவது உடம்பைத் தாங்கும் நீளமான கெட்டித் திண்டை, இணையத்தில் வாங்குவதைவிடப் பஞ்சுக் கடையில் சொல்லிச் செய்வது மேல். நீளம் 24, அகலம் 12, உயரம் 6 அங்குலம். இலவம் பஞ்சு இலேசாக இருக்கும், ஆனால் சீக்கிரம் அமுங்கிவிடும். பருத்திப் பஞ்சு கனம், நெடுநாள் நிற்கும். எதுவானாலும் தலையணைக்கு அடைப்பதைவிட இறுக்கமாக அடைக்கச் சொல்ல வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் குழி விழக் கூடாது. துவைக்கத் தோதாக ஜிப் வைத்த மேலுறை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் உருப்படியானது யோகா கடையில் கிடைப்பதில்லை: பவானி ஜமக்காளம். அதிலும் பட்டுப் போன்ற நூலில் பூவேலைக் கரை வைத்தது வழுக்கும். முரட்டுப் பருத்தியில் வெறும் பட்டைக் கோடு போட்டதை வாங்குங்கள். தோளில் உடம்பைத் தாங்கிக் கால்களை மேலே தூக்கும் சர்வாங்காசனத்துக்கு இரண்டு மூன்றை, தோளகலத்தைவிடச் சற்று அகலமாக மடித்து அடுக்கினால் 2 முதல் 3 அங்குல உயரம் வரும். மடிப்பு விளிம்பு கழுத்துப் பக்கம், பிரிந்த ஓரங்கள் எதிர்ப்பக்கம். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக இருக்கட்டும். ஒரு சுருக்கம் இருந்தாலும் கழுத்தடி எலும்பில் அழுத்தும். தோள்கள் விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே, பின்தலை தரையில். இடையில் கழுத்துக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி தெரிய வேண்டும். கழுத்துக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இந்த ஆசனத்தைத் தவிர்க்கவும்.

நாற்காலிக்கு முதுகுச் சட்டம் மட்டும் இருந்து முதுகு சாயும் பலகை எடுக்கப்பட்ட இரும்பு மடக்கு நாற்காலிதான் சரி. கால்களை அந்த இடைவெளியில் விட்டுத் திரும்பி உட்காரலாம். வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியை இதற்கு எடுக்காதீர்கள். பின்னங்கால்கள் எடையில் விரிந்து கொடுக்கும், டைல்ஸ் தரையில் சறுக்கும். இரும்பு நாற்காலியையும் நான்கு காலும் யோகா விரிப்பின் மேல் இருக்கும்படி, சுவரை ஒட்டிப் போடுங்கள்.