இன்சூரன்ஸ் லைசென்ஸ் ரினியூவல்: ஆன்லைன் சிஇ பேக்கேஜ்கள் எவ்வளவு தேறும்?

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் லைசென்ஸைப் புதுப்பிக்கப் பெரும்பாலான மாநிலங்கள் இரண்டு வருடத்துக்கு 24 மணி நேரத் தொடர்கல்வி (சிஇ) கேட்கின்றன. அதில் 3 மணி நேரம் எத்திக்ஸ். நியூயார்க்கில் 15 கிரெடிட் போதும். இதை வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்று விற்கப்படும் சுயபடிப்பு பேக்கேஜ்கள் வெபினாரைவிடப் பொதுவாக மலிவு. நேரமும் நம் கையில். ஆனால் உங்கள் மாநில விதியைப் படிக்காமல் வாங்கினால் படித்த மணி நேரங்களில் பாதி கணக்கில் ஏறாமல் போகலாம்.

டெக்சாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 24 மணியில் பாதியாவது கிளாஸ்ரூம் அல்லது அதற்கு இணையானது என அங்கீகரிக்கப்பட்ட கோர்ஸாக இருக்க வேண்டும். வெறும் சுயபடிப்பிலேயே 24-ஐயும் முடித்தவருக்கு 12 மணி குறையும். குறைகிற ஒவ்வொரு மணிக்கும் 50 டாலர் அபராதம். இல்லினாய்ஸில் 3 மணி எத்திக்ஸை கிளாஸ்ரூமிலோ வெபினாரிலோதான் முடிக்க முடியும். புளோரிடாவில் சட்டமும் எத்திக்ஸும் சேர்ந்த அப்டேட் கோர்ஸ் உங்கள் லைசென்ஸ் வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். நல்ல பேக்கேஜ் இதையெல்லாம் வாங்கும் பக்கத்திலேயே மாநில வாரியாகச் சொல்லிவிடும். சொல்லாததை வாங்காதீர்கள்.

எவ்வளவு படிக்க வேண்டும் என்பதைப் பலரும் விசாரிப்பதே இல்லை. ஒரு கிரெடிட், அதாவது கணக்கில் ஒரு மணி நேரம், என்பது 50 நிமிடம். மாநில இன்சூரன்ஸ் கமிஷனர்களின் தேசிய அமைப்பான என்ஏஐசியின் வழிகாட்டுதல்படி பாடத்தின் மொத்தச் சொற்களை 180-ஆல் வகுத்தால் நிமிடங்கள், அதை 50-ஆல் வகுத்தால் கிரெடிட். அதோடு கடினத்தைப் பொறுத்து அடிப்படைப் பாடத்துக்கு 1, நடுத்தரத்துக்கு 1.25, மேல்நிலைக்கு 1.5 என்று பெருக்குவார்கள். ஆக, 4 கிரெடிட் அடிப்படைப் பாடம் சுமார் 36,000 சொற்கள். அதே 4 கிரெடிட் மேல்நிலைப் பாடம் சுமார் 24,000 சொற்கள்தான். துறையில் பழகியவர்கள் மேல்நிலைப் பாடத்தையே எடுக்கலாம். படிப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும், விஷயமும் உருப்படியாக இருக்கும்.

இறுதித் தேர்வில் பொதுவாக 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சில மாநிலங்களில் தேர்வின்போது ஒரு கண்காணிப்பாளர் உடனிருந்து, முடிந்ததும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சொந்தக்காரரோ, நீங்கள் தேறுவதால் ஆதாயம் உள்ளவரோ பொதுவாக அந்த வேலைக்கு ஆக மாட்டார்கள். கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அப்படி ஒருவரை எங்கே தேடுவது? தேர்வுப் பக்கம் வரும்வரை இதைப் பற்றி மூச்சுவிடாத பேக்கேஜ்கள் உண்டு. இதை நாங்கள் பெரிய குறையாகவே பார்க்கிறோம்.

மதிப்பு அதிகம் உள்ள பேக்கேஜ் எது என்றால், விற்பனைக்கு முன் கட்டாயமான பயிற்சிகளையும் சேர்த்துத் தருவதுதான். ஆன்யூட்டி (ஓய்வுக்கால வருமானத் திட்டம்) விற்க 4 மணி நேரப் பயிற்சி பெரும்பாலான மாநிலங்களில் வேண்டும் (கலிபோர்னியாவில் முதல்முறை 8). லாங் டெர்ம் கேர் (நீண்டகாலப் பராமரிப்பு) காப்பீட்டுக்கு முதலில் 8 மணி, பிறகு 24 மாதத்துக்கு ஒருமுறை 4. வெள்ளக் காப்பீட்டுக்கு 3. கோர்ஸுக்கு மாநில அங்கீகாரம் இருந்தால் இவை வழக்கமாக 24-க்குள்ளேயே கணக்காகும்; தனியாக வாங்கினால் வீண் செலவு. இந்த ரினியூவல் காலத்தில் ஏற்கனவே எடுத்த கோர்ஸை நினைவு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ரினியூவல் காலத்தில் அதே கோர்ஸ் எண்ணை இரண்டாவது முறை முடித்தால் கிரெடிட் கிடையாது.

விலையைப் பார்க்கும்போது ரிப்போர்ட்டிங் கட்டணம் (கிரெடிட்டை மாநிலத்துக்குத் தெரிவிக்கும் கட்டணம்) உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். பல மாநிலங்களுக்கு மணிக்கு ஒரு டாலர் அளவில் செக்அவுட்டில் தனியாக ஏறும்.

முடித்தவுடன் கிரெடிட் உங்கள் கணக்கில் வந்துவிடாது. நிறுவனம் மாநிலத்துக்கு அனுப்ப நாள் பிடிக்கும். ஒரு மாத இடைவெளி வைத்துக்கொண்டு முடிப்பதே நிம்மதி. பிறகு லைசென்ஸ் பதிவுகளைக் காட்டும் சிர்கான் அல்லது எஸ்பிஎஸ் தளத்தில் (எது என்பது மாநிலத்தைப் பொறுத்தது) டிரான்ஸ்கிரிப்டை, அதாவது முடித்த கோர்ஸ்களின் பட்டியலை, திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தாலும் லைசென்ஸ் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்பது முக்கியம். ரினியூவல் விண்ணப்பமும் கட்டணமும் தனி; அதை என்ஐபிஆர் (ஏஜென்ட்களின் தேசியப் பதிவேடு) அல்லது சிர்கான் வழியாகச் செய்ய வேண்டும். பேக்கேஜ்கள் பொதுவாக அதைச் செய்து தருவதில்லை.

கிரெடிட் ஏறவில்லை என்றால் முதலில் பெயரைப் பாருங்கள். அப்பா பெயர் லாஸ்ட் நேமாக இருக்கும் நம்மவர்களுக்கு, கோர்ஸ் தளத்தில் ஒரு வரிசையிலும் லைசென்ஸில் வேறு வரிசையிலும் பெயர் இருப்பது சகஜம். பதிவு செய்யும்போதே லைசென்ஸில் உள்ளபடி பெயரையும் என்பிஎன் எண்ணையும் (ஏஜென்டின் தேசிய அடையாள எண்) கொடுங்கள். சான்றிதழில் கோர்ஸ் எண்ணும் முடித்த தேதியும் இருக்கிறதா என்று பார்த்து, பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். புகார் செய்யும்போது அந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள்.