ரிம்: ரைகிராஸ் களைக்கு ஒரு பத்தாண்டுத் திட்டக் கருவி

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் களைக்கொல்லி எதிர்ப்புத்திறன் ஆய்வு மையம் விவசாயிகளுக்கு இலவசமாக வழங்கும் ‘ரிம்’, எக்செலில் இயங்கும் ஒரு திட்டமிடல் கருவியாகும். அந்நாட்டுக் கோதுமை வயல்களை வாட்டும் ரைகிராஸ் என்ற ஒரே ஒரு புல்லை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. டைக்ளோஃபாப் என்ற களைக்கொல்லி மருந்துக்குச் சாகாத ரைகிராஸ் 1982இல் அங்கே பதிவான பிறகு, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துகள் அதனிடம் தோற்றுவிட்டதால், ஒரு களைக்கென்றே தனிக் கருவி இருப்பது மிகையாகத் தோன்றவில்லை.

பயன்படுத்தும் முறை எளியது. ஒரு வயலுக்குப் பத்து ஆண்டுகளையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் பயிர், விதைப்புக் காலம், விதை அளவு, தெளிக்கும் மருந்து, அறுவடையின்போது களைவிதையை அழிக்கும் முறை ஆகியவற்றைக் குறித்தால், களையின் அடர்த்தியும் ஹெக்டேருக்குச் செலவு போக மிஞ்சும் தொகையும் வரைபடமாகக் கிடைக்கின்றன.

பத்தாண்டும் கோதுமையையே வைத்து, மருந்தின் திறனைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தால், களைக் கோடு ஏறிக்கொண்டே போகிறது. இடையிடையே வேறு பயிரைச் சேர்ப்பதால் மட்டும் அது இறங்கிவிடுவதில்லை என்பதைக் காட்டுவதுதான், என் கணிப்பில், இக்கருவியின் பெரும் பயன். அப்பயிர் திறந்துவிடும் புதிய களையழிப்பு வழிகள்தாம் கோட்டை இறக்குகின்றன. அட்ரசின் மருந்தைத் தாங்கும் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் ரகம் வந்தால், கோதுமையில் தெளிக்க முடியாத ஒரு மருந்துக்கு வழி பிறக்கிறது. பட்டாணி முற்றும் தறுவாயில், புல்லின் விதை முதிர்வதற்கு முன் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்க இயல்கிறது. மேய்ச்சலுக்கு விட்டால் செம்மறியாடுகளும் ஒரு பங்கு வேலையைச் செய்கின்றன. ரைகிராஸ் விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இருப்பதில்லை என்பதால், அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆண்டுகள் விதை விழாமல் தடுத்தாலே கோடு சரசரவென்று இறங்குகிறது. பயிரையே மருந்தடித்துக் காயவைத்து மண்ணுக்கு விடும் ஆண்டில் வருமானம் அடியோடு போகிறது. அந்த இழப்பு பின்வரும் கோதுமையில் ஈடாகிறதா என்பதைப் பணக்கணக்காகவே பார்த்துக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. எதிர்ப்புத்திறன் தானாக வளர்வதை ரிம் கணிப்பதில்லை. மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பதை நாமே சொல்ல வேண்டியிருப்பதால், நப்பாசையோடு எண்ணைக் கூட்டிப் போட்டால் திரையும் நமக்குப் பிடித்ததையே காட்டும். மழை பொய்த்த ஆண்டுக்கும் அதில் இடமில்லை. எல்லா ஆண்டும் சராசரி ஆண்டுதான். விளைபொருள் விலைகளையும் உள்ளூர் நிலவரப்படி மாற்றிய பிறகே பணக் கோட்டை நம்ப வேண்டும்.

இந்திய வேளாண் மாணவர்களுக்கு இதைப் பயிற்சிக் கருவியாகத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; வயலுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. ஹரியானாவின் நெல்–கோதுமை வயல்களில் 1990களின் தொடக்கத்தில் ஐசோபுரோட்டூரான் என்ற களைக்கொல்லியை மீறிய மண்டூசி என்ற களைப் புல்லின் இயல்பு வேறு. அங்கே ரபி என்னும் குளிர்காலப் பருவத்தில் கோதுமைக்கு மாற்றாகப் பெர்சீம் தீவனத்தை விதைத்து அடிக்கடி அறுத்தால், விதை கட்டுவதற்கு முன்பே அப்புல்லும் சேர்ந்து அறுபட்டு மாட்டுக்குத் தீவனமாகிவிடுகிறது. அத்தகைய பயிருக்கு ரிம்மின் பட்டியலில் கட்டமே இல்லை.