முதல் ஆளை வேலைக்கு வைப்பவர்களிடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பெயரில் நடக்கும் வசூல்: ஓர் எச்சரிக்கை

கோவை கணபதிப் பகுதியில் சிறிய லேத் பட்டறை நடத்திவருகிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் பெரும்பகுதி. நெடுநாள் தனியாளாகச் செய்துவந்த நிலையில், ஆர்டர் கூடியதால் ஐ.டி.ஐ. முடித்த டர்னர் ஒருவரை மாதம் 14,000 ரூபாய் சம்பளத்துக்கு நியமித்தேன். அந்த ஒரே நியமனத்தைக் காரணமாக வைத்து, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) வேலைகளைப் பார்த்துத் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் கன்சல்டன்ட் ஒருவர், என்னிடமும் என் ஊழியரின் சம்பளத்திலிருந்தும் மாதாமாதம் பணம் வாங்கி ஏமாற்றியிருக்கிறார். புகார் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

“ஒரு ஆள் வெச்சாலே ரெண்டும் கட்டாயம் சார், இல்லாட்டி இன்ஸ்பெக்டர் வந்து சீல் வெச்சிருவாரு” என்பதுதான் அவருடைய முதல் பேச்சு. பதிவுக் கட்டணம் என்று 8,500 ரூபாய் வாங்கினார். அதன்பின் மாதம் 5,490 ரூபாயைத் தம் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அந்தத் தொகைக்கு அவர் எழுதிக் கொடுத்த கணக்கு துல்லியமானது: பி.எஃப்.புக்கு ஊழியர் பங்கு 12 சதவீதம் 1,680, முதலாளி பங்கு அதே 1,680, காப்பீட்டுக்கு அரை சதவீதம் 70, நிர்வாகக் கட்டணம் குறைந்தபட்சமான 500, இ.எஸ்.ஐ.க்கு ஊழியரின் 0.75 சதவீதம் 105, முதலாளியின் 3.25 சதவீதம் 455. மீதி ஆயிரம் அவருடைய கூலி. விகிதங்கள் அனைத்தும் அரசு நிர்ணயித்தவையே. யாரிடம் காட்டிக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள், சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது.

ஊழியரின் மனைவிக்குப் பிரசவ நேரம் வந்தபோது குட்டு வெளிப்பட்டது. கன்சல்டன்ட் கொடுத்திருந்த காப்பீட்டு அட்டையுடன் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போனவர், கவுண்டரில் இருந்தபடியே என்னை அழைத்தார். “அண்ணா, இந்த நம்பர்ல வேற யாரோ ஒரு அக்கா பேர் வருதாமுங்க, நம்ம பேரே இல்லைங்கறாங்க.” கடைசியில் தனியார் மருத்துவமனையில்தான் பிரசவம் பார்க்க வேண்டியதாயிற்று.

அன்று மாலையே கன்சல்டன்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த சலான்களை எல்லாம் அச்செடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தோம். அடுத்தடுத்த இரண்டு மாதச் சலான்களில் டி.ஆர்.ஆர்.என். எனப்படும் பரிவர்த்தனை எண் ஒன்றாகவே இருந்தது. உண்மையில் ஒவ்வொரு சலானுக்கும் அது தனித்தனியாகத்தான் வரும். பட்டறையின் பெயர் மட்டும் மற்ற எழுத்துகளைவிடச் சற்றுத் தடிமனாக, வரியிலிருந்து இறங்கி நின்றது. கோவை அலுவலகத்தின் கீழ் வரும் நிறுவனக் குறியீடு ‘சி.பி.சி.பி.இ.’ என்று தொடங்க வேண்டும். எங்கள் சலானில் சென்னைக்குரிய ‘டி.என்.எம்.ஏ.எஸ்.’ இருந்தது. வேறு யாருடைய சலானிலோ எங்கள் பெயரை ஒட்டியிருக்கிறார்.

சட்டம் சொல்வது வேறு. பி.எஃப். கட்டாயமாவது 20 ஊழியர் இருக்கும் நிறுவனத்துக்கு, இ.எஸ்.ஐ. கட்டாயமாவது 10 பேர் இருக்கும் இடத்துக்கு, அதிலும் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த எண்ணிக்கைகளை மாற்றவில்லை. அபாயகரமானவை என மத்திய அரசு அறிவிக்கும் தொழில்களுக்கு மட்டும் ஒரே ஊழியர் இருந்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும். ஊழியர் நலன் கருதிக் குறைந்த ஆள் உள்ளவர்களும் பி.எஃப்.பில் தாமாகச் சேரலாம், அது நல்லதும்கூட. ஆனால் அந்தப் பதிவுக்கு அரசு ஒரு ரூபாயும் கேட்பதில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: கம்பெனியைப் பதியும்போதே பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் இரண்டும் தாமாக வந்துவிடுவதால், “நம்பர் வந்தாச்சு, இனிமேல் கட்டியே ஆகணும்” என்று மிரட்டுவது எளிது. எண் வந்திருந்தாலும், ஆள் எண்ணிக்கை அந்த வரம்பைத் தொடும்வரை கட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

ஏற்கெனவே யாரிடமாவது கட்டிவருபவர்கள் பி.எஃப். நிறுவன இணையதளத்தில் உள்ள நிறுவனத் தேடல் பக்கத்தில் தங்கள் கடைப் பெயரைப் போட்டுப் பாருங்கள். கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது என்பது அங்கே தெரியும். எங்கள் பட்டறையின் பெயரே அதில் இல்லை. ஊழியருக்கு யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க பி.எஃப். உறுப்பினர் எண் வந்திருக்கிறதா, மாதாமாதம் பணம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வருகிறதா என்று அவரிடமே கேளுங்கள். சலான் தொகையை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அரசுத் தளத்தில்தான் கட்ட வேண்டும். கன்சல்டன்டுக்குக் கூலி கொடுக்கலாம், சந்தாப் பணம் அவர் கை வழியாகப் போக வேண்டிய தேவையே இல்லை. தளத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தம்மிடமே இருக்கட்டும் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கன்சல்டன்டிடம் கேட்கப்போனபோது “சர்வர் பிரச்சினை, அடுத்த மாசம் ஏறிடும்” என்றார். பிறகு அழைப்பையே எடுக்கவில்லை. அவர் ஓடிவிட்டாலும் ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்தவன் நான் என்பதால் பதில் சொல்ல வேண்டியவனும் நானே. மாதம் 1,785 ரூபாய் வீதம் ஊழியரிடம் பிடித்த முழுத்தொகையையும் என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். ஜிபே ரசீதுகள், போலிச் சலான்கள், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை இணைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். டாக்டர் பாலசுந்தரம் சாலையிலுள்ள பி.எஃப். அலுவலகத்திலும் எழுத்துமூலம் தெரிவித்தோம். எங்கள் தெருவில் உள்ள ஒரு பேக்கரியும் ஓர் அச்சகமும் இதே நபரிடம் கட்டிவந்தது பிறகுதான் தெரிந்தது. அவர்களும் இப்போது புகாரில் சேர்ந்திருக்கிறார்கள். கோவையில் தொழில் நடத்தும் உங்களிடம் உள்ள சலானிலும் சென்னைக் குறியீடு இருந்தால், உரையாடல்களை அழித்துவிடாமல் அச்செடுத்து உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.