பாதி திரையிலும் பாதி வாய்ப்பேச்சிலும் இருக்கும் வீரர் மாற்றத்தை ஏற்காதீர்கள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உதைபந்தாட்ட வீரர்களைக் கொண்டு இணையத்தில் அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறுவதுதான் ஃபன்டசி பிரீமியர் லீக். அதன் ட்ராஃப்ட் ஆட்டத்தைக் காசு கட்டி விளையாடும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 2023/24 பருவகாலத்தில் என் தங்கையின் மகன் இதில் ஏமாற்றப்பட்டான். நானும் அதே லீக்கில், அதாவது ஒருவரோடொருவர் போட்டியிடும் அதே விளையாட்டுக் குழுவில், இருந்ததால் நடந்தவற்றை அருகிலிருந்தே அறிவேன்.

சாதாரண ஃபன்டசி ஆட்டத்தில் ஒரே வீரரை எத்தனை பேரும் வைத்திருக்கலாம். ட்ராஃப்டிலோ ஒரு லீக்கில் ஒரு வீரர் ஒருவருக்கு மட்டுமே உரியவர். எனவே, நாம் கொடுத்துவிட்ட வீரர், வாங்கியவர் மனம் வைத்தாலொழிய நம்மிடம் திரும்பி வரமாட்டார்.

மருமகனிடம் செல்சியின் கோல் பாமர் இருந்தார். அந்தப் பருவத்தில்தான் மான்செஸ்டர் சிற்றியிலிருந்து வந்திருந்த அவர், பெனல்டிகளையும் தாமே அடிக்கத் தொடங்கியிருந்தார். டிசம்பரில் லீக்கின் நிர்வாகி, அவன் 'அண்ணை' என்று மரியாதையாக அழைக்கும் ஒருவர், தொலைபேசியில் அழைத்து, பாமரைத் தந்தால் லிவர்பூலின் முகமட் சலாவைத் தருவதாகச் சொன்னார். ஜனவரியில் ஆபிரிக்கக் கிண்ணத்துக்காக சலா எகிப்து அணிக்குப் போய்விடுவாரே என்று அவன் தயங்கியபோது, சலா புறப்படுவதற்கு முன் அவரைத் தாமே திரும்ப எடுத்துக்கொண்டு ஆர்சனலின் புக்காயோ சாக்காவைத் தருவதாக வாக்களித்தார். அன்றைய நிலையில் பாமரைவிடச் சாக்காவின் மதிப்பு அதிகம் என்பதால் அது நியாயமான பேச்சாகவே தெரிந்தது; அவனும் பாமரைக் கொடுத்துச் சலாவை வாங்கிக்கொண்டான்.

2024 ஜனவரி 1 அன்று நியூகாசிலுக்கு எதிராக சலா இரண்டு கோல்கள் அடித்தார். அதன் பிறகு மருமகன் இரண்டாவது மாற்றத்துக்கான கோரிக்கையை அனுப்பியபோது, அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்று நிர்வாகி மறுத்துவிட்டார். லீக்கின் வட்ஸ்அப் குழுவில் முறையிட்டும் பயன் கிடைக்கவில்லை. எங்கள் லீக்கில் மாற்றங்களுக்கு ஒப்புதல் அளிப்பவரும், கட்டுக்காசை வைத்திருப்பவரும், மாற்றத்தால் பயனடைந்தவரும் ஒரே ஆளாக இருந்தார். ஜனவரி 18 அன்று கானாவுடனான ஆட்டத்தில் சலாவின் தொடைத்தசை காயமடைந்தது. பெப்ரவரி நடுப்பகுதி வரை அவர் லிவர்பூலுக்கு ஆடவில்லை. பாமரோ ஏப்ரல் 15 அன்று எவர்ட்டனுக்கு எதிராக மட்டும் நான்கு கோல்கள் அடித்து, பருவத்தை 22 பிரீமியர் லீக் கோல்களுடன் முடித்தார். பரிசுத்தொகை நிர்வாகிக்கே போனது.

காயம் யார் கையிலும் இல்லை. அதற்காக நான் எவரையும் குறை சொல்லவில்லை. நம்பிக்கை வைத்த ஒரு பிள்ளையிடம் கொடுத்த வாக்கை இல்லையென்று மறுத்ததுதான் மோசடி.

ஒரு மாற்றம் உங்களிடம் வந்தால், திரையில் தெரியும் பெயர்களை மட்டும் வைத்து அது தகுமா என்று பாருங்கள். பின்னர் தருவதாகச் சொல்லப்படும் வீரரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆட்டத்தின் செயலியில் அத்தகைய வாக்குறுதிக்கு இடமே இல்லை. பேச்சைத் தொலைபேசியில் முடிக்காமல், எல்லோரும் பார்க்கும் வட்ஸ்அப் குழுவில் எழுத்தில் கேளுங்கள்; நேர்மையானவர் அதற்கு மறுக்கமாட்டார். மழைக்காலத்தைத் தவிர்க்க 2023ஆம் ஆண்டுக்குரிய ஆபிரிக்கக் கிண்ணம் 2024 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டதைப் போல, போட்டிகளின் காலம் மாறுவதும் உண்டு. ஆகவே வீரரின் நாட்டு அணிக்கு எப்போது ஆட்டம் என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தில் குளிர்காலச் சனிக்கிழமையின் முதல் ஆட்டம் பெரும்பாலும் நமக்கு மாலை 6 மணிக்குத் தொடங்கும். அணியை மாற்றும் நேரமோ 4.30 மணிக்கே முடிந்துவிடும். அந்தக் கடைசி நேர அவசரத்தில் வரும் கோரிக்கைக்குப் பதில் சொல்லாமல் விடுவதில் எந்த இழப்பும் இல்லை.

மாற்றங்களை நிர்வாகி தனியே அங்கீகரிக்கும் முறைக்குப் பதிலாக, உறுப்பினர்களே வாக்களித்துத் தடுக்கும் முறையையும் லீக் தொடங்கும்போது தெரிவுசெய்யலாம். சட்டச் சிக்கல் வரலாம் என்பதால் அந்த நபரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் இப்போதும் புதிய லீக்குகளுக்குப் பழைய மாணவர்களிடம் ஆள் சேர்க்கிறார். அழைப்பு வந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒப்புதல் முறை எது என்றும், காசு விளையாடாத ஒருவரிடம் இருக்குமா என்றும் கேளுங்கள்.