ஃபென்வே பார்க் வாசலோடு போன 684 டாலர்: மறுவிற்பனைத் தளத்தில் டிக்கெட் வாங்குவோர் கவனத்திற்கு

பாஸ்டனின் பேஸ்பால் மைதானமான ஃபென்வே பார்க்கில் சென்ற வாரம் நடந்த நியூயார்க் யாங்கீஸ் – பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆட்டத்திற்கு, டிக்கெட்டுகளை மறுவிற்பனை செய்யும் ஓர் இணையதளத்தில் 684 டாலர் கட்டி இரண்டு இருக்கைகள் வாங்கியிருந்தேன். ஆட்டம் நடந்து முடிந்துவிட்டது. நானும் என் மகனும் மைதானத்துக்குள் காலடி எடுத்து வைக்கவில்லை. அந்த 684 டாலரில் ஒரு சென்ட்கூட இதுவரை திரும்பி வரவில்லை. பேஸ்பால் மைதானங்களை ஒவ்வொன்றாகச் சென்று பார்க்கும் ஆசை நம்மவர்கள் பலருக்கும் உண்டு என்பதால், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டித் தொடரான மேஜர் லீக்கின் 30 அணிகளுடைய மைதானங்களையும் பார்த்து முடிப்பது பணம் இருந்தால் நடந்துவிடும் காரியமன்று. ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் 162 ஆட்டங்களில் பாதிதான் சொந்த ஊரில் நடக்கும். நமக்கு விடுமுறை கிடைக்கும் வாரத்தில் அந்த அணி வேறு ஊரில் இருக்கும். மைதானங்களும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஓக்லாந்து அணி 2024 பருவத்தோடு ஊரைக் காலி செய்துகொண்டு சாக்ரமென்டோ பக்கம் போனது. அதே ஆண்டு அக்டோபரில் மில்டன் புயல் ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள சொந்த மைதானத்தின் கூரையைக் கிழித்துவிட்டதால், டாம்பா பே அணி 2025 பருவத்தை வேறு மைதானத்தில் ஆட நேர்ந்தது. டொராண்டோ ஒன்றுக்காக, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கனடா விசாவுக்கும் அலைய வேண்டும். இவ்வளவையும் கடந்து, 1912-இல் திறக்கப்பட்டு லீக்கிலேயே மிகப் பழையதாக இருக்கும் ஃபென்வேயைக் கடைசிக்கென்று வைத்திருந்தோம். அங்கே இடப்பக்க எல்லையில் 37 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் பச்சைச் சுவரைத்தான் ‘கிரீன் மான்ஸ்டர்’ என்கிறார்கள். 2003 முதல் அந்தச் சுவரின் உச்சியிலேயே இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து யாங்கீஸ் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது மகனின் நெடுநாள் ஆசை.

அந்த ஆட்டத்திற்கு அணி தனி டிக்கெட் விற்பனையைத் தொடங்கியிராத குளிர்காலத்திலேயே, இந்தத் தளத்தில் சுவர் உச்சியின் இருக்கைகள் விற்பனைக்கு இருந்தன. பகுதியின் பெயர் மட்டுமே போட்டிருந்தது. வரிசையும் இருக்கை எண்ணும் பின்னர் அறிவிக்கப்படும் என்றிருந்தது. விலை 684 டாலர் என்று முதல் பக்கத்திலேயே முழுதாகக் காட்டினார்கள். கட்டணங்களை ஒளிக்காமல் மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க மத்திய அரசின் விதி 2025 மே மாதம் முதல் இருக்கிறது அல்லவா, அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். விலையில் ஒளிவுமறைவு இல்லை, டிக்கெட்தான் இல்லை.

எண் இல்லாத இருக்கைக்குப் பணம் கட்டத் தயங்கி, அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண்மணி அவசரப்படாமல் கேட்டார். 30 மைதானப் பயணம் என்றதும் வியந்தார். பிட்ஸ்பர்க் மைதானத்திலிருந்து ஆற்றுப் பாலமும் நகரமும் தெரியும் காட்சி எப்படி இருந்தது என்று விசாரித்தார். தன் தந்தையும் ரெட் சாக்ஸ் ரசிகர் என்றார். விற்பவர் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்றும், ஆட்டத்துக்கு முன்பு டிக்கெட் வந்து சேராவிட்டால் அதே தரத்தில் வேறு இருக்கையோ முழுப் பணமோ கிடைக்கும் என்றும் சொன்னவர், “உங்கள் பயணத்திலேயே முக்கியமான டிக்கெட் இது, இதை நாங்கள் விட்டுவிடுவோமா?” என்று முடித்தார். அந்தக் குரலில் இருந்த பரிவை நம்பித்தான் அட்டை எண்ணைக் கொடுத்தேன். விமானமும், திரும்பப் பெற முடியாத விடுதி அறையும் அந்த உறுதிமொழியின் மேல்தான் பதிவாயின.

ஆட்டத்துக்கு முந்தைய வாரம் வரை டிக்கெட் வரவில்லை. கேட்டபோதெல்லாம், ஆட்டம் தொடங்கும் நிமிடம் வரை விற்பவருக்கு அவகாசம் உண்டு என்ற ஒரே பதில் வந்தது. பொறுமை காக்கும்படியும் எழுதினார்கள். 1918-க்குப் பிறகு ரெட் சாக்ஸின் அடுத்த ‘வேர்ல்ட் சீரிஸ்’ (லீக்கின் இறுதிப் போட்டித் தொடர்) வெற்றிக்கு 2004 வரை காத்திருந்த ரசிகர்களின் ஊர் என்பதால் அப்படி எழுதினார்களோ என்னவோ! கடைசியில், நாங்கள் கென்மோர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துகொண்டிருக்கும்போது, மின்னஞ்சலில் ஒரு படம் வந்தது: பட்டைக்கோடு, பகுதி எண், அணியின் சின்னம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன.

வாசலில் கருவி சிவப்பு விளக்கைக் காட்டியது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார்கள்; மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசை நெளியத் தொடங்கியதும் எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, டிக்கெட் ஜன்னலுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெரியவர் என் கைபேசியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. உண்மையான டிக்கெட் லீக்கின் செயலிக்குள் மாற்றிக் கொடுக்கப்பட்டுத்தான் வரும், அதன் பட்டைக்கோடு நகர்ந்துகொண்டும் மாறிக்கொண்டும் இருக்கும், அசையாத படம் எதுவும் இங்கே செல்லாது என்றார். அன்றைய ஆட்டத்திற்கு நிற்கும் இடம்கூட மீதமில்லை. சுவருக்குப் பின்னாலிருக்கும் லான்ஸ்டவுன் தெருவில் நின்று உள்ளிருந்து வந்த இரைச்சலைக் கேட்டோம். யாரோ ஹோம் ரன் அடித்திருக்க வேண்டும். “அப்பா, ரூமுக்குப் போயிடலாம்” என்று மகன்தான் சொன்னான்.

அதன்பின் நடந்ததுதான் அதைவிட ஆத்திரத்தைக் கிளப்புகிறது. அரட்டைப் பெட்டியில் முதலில் பேசியது இயந்திரம். மனிதர் வந்ததும், தங்கள் பதிவேட்டில் ‘வழங்கப்பட்டது’ என்று இருப்பதாகச் சொன்னார். டிக்கெட் செல்லாது என்பதற்கு மைதானத்திடமிருந்து கடிதம் வாங்கி வரும்படி இன்னொருவர் கேட்டார். நாங்கள் வெளியிடாத ஒன்றைப் பற்றி நாங்கள் எப்படிக் கடிதம் தருவது என்று மைதானத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் தவறொன்றும் இல்லை. என்னிடம் பரிவாகப் பேசிய பெண்மணியின் அழைப்புப் பதிவைக் கேட்டுப் பார்க்கும்படி வேண்டினேன். அது வேறு பிரிவு என்றார்கள். இறுதியில் ‘நல்லெண்ண அடையாளமாக’ அதே தளத்தில் ஓராண்டுக்குள் செலவழிக்க வேண்டிய கூப்பன் தருவதாகவும், 684 டாலரில் சேவைக் கட்டணம் போக மீதி அதில் இருக்கும் என்றும் மின்னஞ்சல் வந்தது. மறுத்துவிட்டு, கடன் அட்டை வங்கியில் முறையிட்டிருக்கிறேன். தளமோ, அந்தச் செல்லாத படத்தையே ஆதாரமாக வங்கிக்கு அனுப்பியிருக்கிறது.

இதன் சூட்சுமம் இப்போதுதான் விளங்குகிறது. விற்பவர் கையில் அன்று டிக்கெட்டே இல்லை. விலை இறங்கினால் பிறகு வாங்கிக் கொடுத்து லாபம் பார்ப்பார், ஏறினால் கைவிரிப்பார். பரம எதிரியான யாங்கீஸ் பாஸ்டனுக்கு வரும்போது விலை இறங்குவது அபூர்வம்.

மறுவிற்பனை டிக்கெட் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் வரவில்லை. இருக்கை எண் இல்லாமல் விற்கும் எதையும் தொடாதீர்கள். அணி தன் விற்பனையைத் தொடங்குமுன் வேறொருவர் விற்றால், அவரிடம் சரக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வந்தால், வாசல் வரை போகாமல் அப்போதே புகார் செய்யுங்கள். தொலைபேசியில் சொல்வதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். டெபிட் அட்டை வேண்டவே வேண்டாம்.

684 டாலர் பற்றி வங்கி முடிவு சொன்னதும் இதன் கீழேயே எழுதுகிறேன்.